மாமன்மார் பின்னிய மாதிரிக் குல்லா

மண்டகப்பட்டியில் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது, புத்திக்குத்தான் கொஞ்சம் பஞ்சம். அழகுமலை, சோணைமுத்து, நாகரத்தினம் என்ற அண்ணன் தம்பி மூவரின் வீட்டில் அந்தப் பஞ்சம் சற்றுக் கடுமை.

அவர்களுடைய ஒரே தங்கை தவமணியைக் கொடைக்கானலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் தலைச்சன் மகனுக்கு முதல் மொட்டை போடும் நாள் நெருங்கியது. மூத்தவன் அழகுமலைக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னாள்.

"அண்ணே, இங்க குளிரு எலும்பைக் கடிக்குது. மொட்டைத் தலைக்கு உல்லன் குல்லா வேணும். தாய்மாமனுங்க கைப்படப் பின்னிக் கொண்டு வருவாங்கன்னு மாமியார்கிட்ட வாய் விட்டுட்டேன். வெறுங்கையோட வந்தீங்கன்னா நான் இந்த வீட்டுல தலை நிமிர முடியாது."

தங்கை என்றால் மூவருக்கும் உயிர். அன்றைக்கே டவுனில் எஸ்தரின் பேன்சி ஸ்டோரில் போய் நின்றார்கள். எஸ்தர் பாவம், நல்ல மனுஷி. குரோஷா ஊசியைப் பிடிக்கவும் சங்கிலிப் பின்னல் போடவும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தாள். பிறகு மெல்லிசு, நடுத்தரம், தடிமன் என்று மூன்று நூல் உருண்டைகளை எடுத்து வைத்தாள். நடுத்தரத்தில் கடையில் இருந்ததே அந்த ஒன்றுதான்.

"எது சரிப்படும்னு பாத்த உடனே சொல்ல முடியாது தம்பி. ஒவ்வொண்ணுலயும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரி போட்டு, துவைச்சு, காயவச்சுப் பாருங்க. திருப்தியா இருந்தா அப்புறம் நிஜத்தைத் தொடங்குங்க. மாதிரியைக் கொண்டுபோய்ப் பிள்ளை தலையில மாட்டிடாதீங்க."

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் சோணைமுத்து கேட்டான். "உள்ளங்கை அகலத் துண்டைத் தலையில வச்சா மிச்சத் தலை குளிருமே. அது நூலோட குத்தமா, துண்டோட குத்தமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"நியாயம்தான்," என்றான் அழகுமலை. "மாதிரியை முழுக் குல்லாவாவே போட்டுருவோம்."

பிள்ளை தலை அளவில் மூன்று குல்லாக்கள் தயாராயின. போட்டுப் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி கொதித்தன. மண்டகப்பட்டி வெயிலில் வேட்டியே கொதிக்கும். சோதித்துப் பார்க்கக் குளிரும் வேண்டும், மொட்டையும் வேண்டும் என்று முடிவாயிற்று. மறுவாரம் பெண் பார்க்கப் போக இருந்த சோணைமுத்து தங்கைக்காக மொட்டை அடித்துக்கொண்டான். மீன்காரர் காஜா மைதீனின் ஐஸ் பெட்டிக்குள் தலையை விடச் சொன்னார்கள், விட்டான்.

முதலில் மெல்லிசு. குல்லா அவன் உச்சந்தலையில் குடத்து மூடிபோல உட்கார்ந்தது.

"எப்படிடா இருக்கு?"

"குளிருது அண்ணே. மீன் வாசமும் அடிக்குது."

"மெல்லிசு நூல்ல, ஓட்டை வழியா வாசம் வரத்தானே செய்யும்," என்றான் நாகரத்தினம். மெல்லிசு தள்ளுபடி ஆயிற்று.

தடிமன் விறைப்பாக நின்றது, அரித்தது. அதுவும் தள்ளுபடி. நடுத்தரத்தை மாட்டியதும் சோணைமுத்து பேசவில்லை. எட்டிப் பார்த்தால் வஞ்சிரத்தின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மீன் வாங்க வந்த ஒரு அம்மாள், இது என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நடுத்தரத்தைத் துவைத்தார்கள். சுருங்கவில்லை, சாயம் போகவில்லை. அப்படி ஒரு குல்லாவை மலையிலேயே பார்க்க முடியாது. எனக்கே ஒன்று வேண்டும் போலிருந்தது.

"சரி, பிரிங்கடா," என்றான் அழகுமலை. "மாதிரி பாத்தாச்சு, நிஜத்தைத் தொடங்கணும்."

பிரித்தார்கள். கிளம்பும் நாளும் வந்துவிட்டது. கொடைக்கானல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து நூலைப் பார்த்த நாகரத்தினத்துக்கு முகம் சுண்டிவிட்டது. "அண்ணே, கடையில வாங்குறப்ப நேரா இருந்துச்சு. இப்ப நெளி நெளியா நிக்குது. இது வேற நூலு."

"வேற நூலுன்னா?"

"திரும்ப மாதிரி போட்டுத்தான் பாக்கணும்."

பஸ் மலை ஏறி நிற்பதற்கும் இரண்டாவது மாதிரி முடிவதற்கும் சரியாக இருந்தது.

கோயிலில் அழகுமலை மடியில் வைத்துப் பிள்ளைக்கு மொட்டை போட்டார்கள். குளிப்பாட்டித் துடைத்ததும் குளிரில் வீறிட்டு அழுதது. தவமணியின் மாமியார் சீர்த்தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குல்லா எங்கண்ணே?" என்று தவமணி கையை நீட்டினாள்.

"கொஞ்சம் பொறும்மா. இது மாதிரி. நிஜம் இனிமேதான்," என்று அழகுமலை நூல் முனையைத் தேடிப் பிரிக்கப் போனான்.

தவமணி வெடுக்கென்று பிடுங்கிப் பிள்ளை தலையில் மாட்டினாள். அச்சாகப் பொருந்தியது. அழுகை நின்றது. பிள்ளை சிரித்தது. மாமியார் குல்லாவைத் தடவிப் பார்த்து, "மாமன்மார் கைவேலை அருமையா இருக்கு," என்றாள். தவமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமன்மார் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

"மாதிரியை மாட்டியாச்சு. எஸ்தரக்கா முகத்துல எப்படி முழிக்கிறது?" என்றான் சோணைமுத்து.

நாகரத்தினம் தூணுக்குப் பின்னாலிருந்து பிள்ளையை எட்டிப் பார்த்தான். "நிஜப் பிள்ளை தலையில மாட்டினாத்தானே தப்பு? இதுதானே முதப் பிள்ளை."

அழகுமலைக்கு மூச்சு வந்தது. நேரே தங்கை புருஷனிடம் போய், மாமியாரும் ஊராரும் பார்க்க அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாப்பிள்ளை, மாதிரி ரொம்ப நல்லா வந்திருக்கு. கழுவித் துடைச்சும் பாத்தாச்சு, சுருங்கல, சாயமும் போகல. எங்களுக்குப் பரம திருப்தி. இனிமே நீங்களும் தங்கச்சியும் நிஜத்தைத் தொடங்கலாம்."