மிக்ஸி எரிந்த நாள்

“நன்றி சொல்லிச் சொல்லி எனக்குப் பயம் பிடிச்சுட்டு, சாமி.”

சொன்னவர் தங்கப்பழம். பலசரக்குக் கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டோடு இருப்பவர். மடத்துச் சாமிக்கும் அந்த மகன் வயசுதான் இருக்கும். ஆனாலும் தங்கப்பழம் கைகட்டித்தான் நிற்பார்.

“நான் என்ன சொன்னேன், அண்ணாச்சி?”

“வீட்டுல நமக்கு உழைக்கிற சாமான் ஒவ்வொண்ணுக்கும் காலையில ஒரு நன்றி சொல்லச் சொன்னீங்க.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன். மோட்டார், கேஸ் அடுப்பு, ஃபேன், பிரிட்ஜ். மனசுக்கு நல்லாத்தான் இருந்துது. ஒருநாள் அவசரத்துல மிக்ஸியை விட்டுட்டேன். அன்னைக்கே எரிஞ்சு போச்சு.”

“எப்ப வாங்கின மிக்ஸி?”

“மகன் கல்யாணத்துக்கு வந்தது.”

“மகனுக்குப் பிள்ளைங்க?”

“பேத்தி காலேஜுக்குப் போறா.”

“அப்ப மிக்ஸிக்கும் வயசாச்சு,” என்றார் சாமி. தங்கப்பழத்துக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

“இப்ப ஒண்ணைக்கூட விட முடியல, சாமி. கும்பிட்டேனா இல்லையான்னு சந்தேகம் வந்தா முதல்லேர்ந்து ஆரம்பிக்கேன். மத்ததெல்லாம் போகட்டும். சுயம்புகனிக்கு மூச்சே அந்த மிஷினுலதான் ஓடுது. அதுக்கு நன்றி சொல்ல ஒருநாள் விட்டுப்போச்சுன்னா?”



சுயம்புகனி அவர் மனைவி. நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின் ஒன்று அவள் கட்டில் பக்கத்தில் உறுமிக்கொண்டே இருக்கும்.

“ஒருநாள் சொல்லாம இருந்து பாருங்களேன்,” என்றார் சாமி.

“என்னால ஆகாது.”

“சரி. நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்குச் சாப்பிட வாரேன்.”

*

சாமி வந்தார். இட்லி வெந்து ஆறிக்கொண்டிருந்தது. யார் எடுத்து வைப்பது? தங்கப்பழம் பிரிட்ஜின் முன்னால் நின்றார். அப்புறம் அடுப்பின் முன்னால். அப்புறம் பின்வாசல் மோட்டாரிடம் போனார். கோபித்துக்கொண்ட சம்பந்தியைச் சமாதானம் பண்ணுகிறவர் மாதிரி அதனிடம் என்னவோ முணுமுணுத்தார்.

சாமி கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எப்பவும் இப்படித்தானா, அம்மா?”

“தூக்கத்துலயும் கையெடுத்துக் கும்பிடுதாவ,” என்றாள் சுயம்புகனி. நிறுத்தி மூச்சு வாங்கினாள். “கரண்ட் போனா, மிஷின் முன்னால நின்னு அழுவாவ. நானேதான் கையை நீட்டி சிலிண்டருக்கு மாத்திக்குவேன்.”

கைக்கெட்டும் தூரத்தில், கட்டில் தலைமாட்டில், சிலிண்டர் நின்றது.

“மெயினை அணைக்கட்டுமா? தாங்குமா?”

“குளிக்கப் போகையில குழாயைக் கழட்டிட்டுத்தானே போறேன்.”

“இன்னைக்கு நீங்க கையை நீட்டக்கூடாது.”

அவள் யோசித்தாள். பயமாகத்தான் இருந்தது. ஜன்னல் வழியாகப் பின்வாசலைப் பார்த்தாள். அந்த மனுஷன் மறுபடியும் மோட்டாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

“அணைங்க,” என்றாள்.

சாமிக்கும் பயம்தான். பொய் சொல்லுவானேன். ஆனாலும் அணைத்தார்.

ஃபேன் நின்றது. மிஷின் உறுமுவதை விட்டுவிட்டுக் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

தங்கப்பழம் ஓடி வந்தார். வந்தவர் மனைவி பக்கம் போகவில்லை. மிஷின் முன்னால் மண்டி போட்டார்.

“காலையிலயே சொன்னேனே. முதல்ல உனக்குத்தானே சொன்னேன். விட்டுராதே, தாயே, விட்டுராதே.”

சுயம்புகனி கையை மடியிலேயே வைத்திருந்தாள். மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது.

“அண்ணாச்சி, அதுக்குக் காது கிடையாது,” என்றார் சாமி. “அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க.”

திரும்பினார். அவள் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது.

எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தது கைக்கு ஞாபகம் இருந்தது. குழாயைப் பிடுங்கி சிலிண்டரில் மாட்டினார். திருகைத் திறந்தார். காற்று சீறிக்கொண்டு வந்தது. ஒரு கையால் அவள் தாடையைத் தாங்கிக்கொண்டார்.

“இழு. மூக்கால இழு. நான் இருக்கேன்லா, மெதுவா இழு.”

அவள் இழுத்தாள். அவர் அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் இழுக்கும்போது அவரும் இழுத்தார், விடும்போது அவரும் விட்டார். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் திரும்பியது.

சாமி மெயினைப் போட்டார். ஃபேன் சுற்றியது, மிஷின் உறும ஆரம்பித்தது. தங்கப்பழம் திரும்பவில்லை.

சுயம்புகனி சிரித்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். மேல்வரிசையில், முன்னால், ஒரு பல்லைக் காணோம்.

“பல்லு எங்கே? எப்ப விழுந்துது?”

“மிக்ஸி எரிஞ்சுதே, அன்னைக்கு,” என்றாள். “காட்டணும்னுதான் கூப்பிட்டேன். நீங்க மிக்ஸிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தீய.”