நாலு மணி நேரக் கொடி

"டீச்சர், என் ஜாதகத்துலயே இந்த நாலு மணி நேரம் இல்லீங்களா?" என்று கேட்டார் கிட்டுசாமி.

கேட்டவருக்கு ஐம்பத்து மூன்று வயது. கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு கடை வைத்திருப்பவர். பதில் சொல்ல வேண்டிய நஸீமாவுக்கு முப்பது தாண்டவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், ஞாயிறு காலைகளில் ஊர்க்காரர்களுக்கு ஓட்டம் பழக்குபவர்.

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மாரத்தானை நாலு மணி நேரத்துக்குள் முடிப்பதுதான் கிட்டுசாமியின் ஆசை. மூன்று முறை முயன்றுவிட்டார். மூன்று முறையும் ஆரம்பத்தில் பறந்தார். முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் வாட்சையும் காலையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே நடந்தார்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா, ஷூவைக் கழட்டி வெச்சுருவேனுங்க. கடைப் பசங்களே சிரிக்கறானுங்க."

டீச்சர் ஆறுதல் சொல்லவில்லை.

"இன்னிக்கு உங்க பக்கத்துல ஓடுனது யாருங்க?"

"தெரியலீங்களே."

"அடுத்த வாரம் தெரிஞ்சுட்டு வாங்க."

கிட்டுசாமிக்குக் கடுப்பு. பேர் விசாரிக்கவா விடியற்காலையில் எழுந்து வருகிறோம்? ஆனாலும் விசாரித்தார். விசாரிக்க வேண்டுமென்றால் அடுத்தவர் வேகத்தில் ஓட வேண்டியிருந்தது. முன்னால் பறக்க முடியவில்லை.

வாரா வாரம் அதே கேள்வி. வேறு பாடமே இல்லை.

போட்டி நாள் வந்தது. நஸீமா முதுகில் சின்னக் கொடியைக் கட்டியிருந்தார். அதில் 'நாலு மணி நேரம்' என்று எழுதியிருந்தது. அந்தக் கொடியின் பின்னாலேயே ஓடினால் அந்த நேரத்துக்குள் முடித்துவிடலாம். வெளியூரிலிருந்து வந்த ஒரு கூட்டம் அதை நம்பிப் பின்னால் வந்தது. கிட்டுசாமியும் அதில் ஒருவர்.

முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் மேம்பாலம். ஏற்றத்தில் கிட்டுசாமியின் கால் கல்லாய்க் கனத்தது. போதும், நடந்துவிடலாம் என்று வேகத்தைக் குறைத்தார்.

அதற்குள் நஸீமா காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சர்! என்னாச்சுங்க?"

"கெண்டைக்கால் புடிச்சுக்கிச்சு." அவசரமாகக் கொடியை அவிழ்த்து நீட்டினார். "நீங்க கொண்டு போங்க."

"நானா? நான் ஒருக்காக்கூட நாலு மணி நேரத்துக்குள்ள வந்ததில்லீங்க!"

"அது அவங்களுக்குத் தெரியாதுங்க. போங்க, பின்னாடி வந்துட்டாங்க."

கிட்டுசாமி கொடியை வாங்கிக்கொண்டு ஓடினார். வேறு என்ன செய்வது?

"வேகம் சரியா இருக்குதுங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

வாட்சைப் பார்த்தார். "சரியாப் போறோம், வாங்க!"

ஒரு பெண் நடக்கத் தொடங்கினார்.

"அம்மணி, பேரென்ன?"

"சுகந்திங்க. முடியலீங்க."

"சுகந்தி, அந்தப் பெட்ரோல் பங்க் வரைக்கும் வாங்க. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து நடக்கலாம்."

பங்க் வந்தது. யாரும் நடக்கவில்லை.

இளைத்தவரை இழுத்தார். பறக்கப் பார்த்தவரை அதட்டினார். தண்ணீர் பாட்டிலைக் கை மாற்றினார். தன் கால் என்ன ஆனது என்று பார்க்க அவருக்கு நேரமே இல்லை.

முடிவுக் கோட்டைக் கூட்டமாகத் தாண்டினார்கள். "வந்துட்டோம்ணா! வந்துட்டோம்!" என்று சுகந்தி அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அப்போதுதான் கிட்டுசாமி பெரிய கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

நாலு மணி நேரம் ஆக இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருந்தது.

நடுரோட்டில் நின்று ஓவென்று அழுதார். வெட்கமே படவில்லை. முன்பின் தெரியாதவர்கள் அவரைத் தூக்கிச் சுற்றினார்கள். அப்படியொரு சந்தோஷம் தன் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை என்று பிறகு மனைவியிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவர்கள் இறக்கிவிட்டபோது எதிரே நஸீமா நின்றிருந்தார். அவருக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

கிட்டுசாமி பதறி ஓடினார். "டீச்சர், கால் இப்ப எப்படிங்க இருக்குது?"

நஸீமா குனிந்து தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் எந்தக் காலைப் புடிச்சுட்டு உக்காந்தேனுங்க?"