மரத்தடியில் நிற்கும் ஆள்

கோவையில், பெரிய கம்ப்யூட்டர்களில் ஆடும் வீடியோ கேம்களைத் தயாரிக்கும் ஒரு கம்பெனி. அதன் முதலாளி தில்லைநாயகத்துக்குச் செல்போனில் கேம் ஆடுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. ஒரு மதியம், தரை துடைக்கும் அற்புதமேரி போனும் கையுமாக அவரிடம் மாட்டிக்கொண்டாள்.

"இதெல்லாம் ஒரு கிராபிக்ஸா?" என்று கேட்டு அவளைத் தன் பெரிய திரைக்கு முன்னால் நிறுத்தினார். ஊழியர்கள் கூடிவிட்டார்கள். "இந்த மரத்தைப் பாரு. இலை இலையா எண்ணலாம். இதுல இல்லாத ஒண்ணை உன் போன்ல காட்டு. முடியலைன்னா, நாளையிலேர்ந்து போனை வாசல்லயே குடுத்துட்டு உள்ள வா."

அவள் எட்டிப் பார்த்தாள். "ரொம்ப அழகு சார். ஆனா மரத்தடியில யாரையும் காணோமே?"

தன் போனை நீட்டினாள். அதிலும் ஒரு மரம், பச்சைச் சாயத்தை அப்பியது மாதிரி. அதன் கீழே தொப்பி போட்ட பொம்மை ஒன்று கையாட்டியது.

"யாரது?"

"என் வீட்டுக்காரர் சார். மஸ்கட்ல கட்டட வேலை. சாப்பாட்டு நேரத்துல தினம் அவர் போன்ல இதே கேமைத் திறந்து இந்த மரத்தடிக்கு வந்துடுவார். உங்க மெஷினை அவர் சாரத்துமேல தூக்கிட்டுப் போக முடியுமா?"

பொம்மையின் தலைக்கு மேல் எழுத்து முளைத்தது: 'சாப்பிட்டியா?'

தில்லைநாயகம் தன் பெரிய திரைக்கு முதுகைக் காட்டியபடி அதைப் படித்தார்.

"சீக்கிரம் பதில் போடும்மா," என்றார். "பாவம், மனுஷன் எவ்வளவு நேரம் நிப்பார்?"