இசக்கிராஜ் போட்ட பிடி

தொழில்முறைக் கபடி அணிக்குத் தடுப்பாட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க, சங்கரன்கோவில் கல்லூரி மைதானத்துக்கு வந்திறங்கினார் வேல்மயில். ஆடிய காலத்தில் தன்னை ஒருத்தனும் மடக்கியதில்லை என்று வந்ததிலிருந்து அதே பேச்சு. எடை மெஷினில் ஏறிய ஒல்லிப் பையன் இசக்கிராஜைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னைத் தொட்டாலே பறந்துருவடே! நான் பாடி வாரேன். ஒத்தையில நின்னு அவுட்டாக்கு, உன்னைய எடுத்துக்கிடுதேன்."

பயிற்சியாளர் விசில் ஊதினார். "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டே புலி மாதிரி பாய்ந்து வந்தார் வேல்மயில். இசக்கிராஜ் கையைக் கட்டிக்கொண்டு பவ்வியமாகக் கேட்டான்: "சார், உங்களை முதமுதல்ல மடக்குனது யாரு சார்?"

வேல்மயிலுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னைய மடக்க எவம்ல பொறந்திருக்கான்?"

பாட்டு நின்றுபோனது. பாட்டு நின்றால் ஆட்டக்காரர் அவுட். விசில் பறந்தது, மைதானமே கைதட்டியது.

"நான்தான் சார்," என்றான் இசக்கிராஜ்.