குழி இல்லாத தாய்

மலையடிவாரக் காட்டில் ஓர் ஓடை ஓடியது. அதன் கரையில் கொஞ்சம் மணல் இருந்தது. மரங்கள் நெருக்கியடித்து நின்ற அந்தக் காட்டில், காலை வெயில் நேராக வந்து விழும் இடம் அந்த மணல் ஒன்றுதான்.

மழைக்காலம் வந்துவிட்டால் அந்த வெயிலுக்குப் பெரிய கிராக்கி. அதனால் ஊர்ந்து திரியும் பிராணிகள் எல்லாம் கூடி ஒரு வழக்கம் வைத்திருந்தன. முட்டையிட்ட குழி யாருக்கு அங்கே இருக்கிறதோ, அந்தத் தாய்தான் மணலில் படுக்கலாம். மற்றவர்கள் கரையேறக் கூடாது.

இதற்குக் காவல் கரடன் என்ற கிழட்டு உடும்பு. இனிமேல் முட்டையைத் தொடுவதில்லை என்று எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்த ஒரே உடும்பு அதுதான். வேறு யாரைக் காவல் வைப்பது!

ஒரு நாள் காலையில் தளிரி என்ற பச்சைப் பாம்பு மரத்திலிருந்து மெல்ல இறங்கி வந்தது.

“அய்யா, இந்த மணல்ல எனக்கும் கொஞ்சம் இடம் வேணும். மாசமா இருக்கேன்.”

“அப்படியா! நல்ல சேதி! உன் குழி எது?” என்று கேட்டது கரடன்.

“எனக்குக் குழி கிடையாது, அய்யா. நாங்க முட்டை போடுறதில்ல. குட்டியாத்தான் போடுவோம். எல்லாம் வயித்துக்குள்ளயே இருக்கு.”

கரடன் கடகடவென்று சிரித்தது. “காட்டாத முட்டைக்கு இடமா! நாளைக்கு ஒரு தவளை வந்து, என் வயித்துல யானை இருக்குன்னு சொல்லும்!”

மணலில் படுத்திருந்த கூனாயி என்ற ஆமையும் சேர்ந்து சிரித்தது. அதன் முட்டைகள் அங்கேதான் புதைந்திருந்தன.

“ஏண்டி தளிரி! எங்களைப் பாரு. பிள்ளைக்கு வேண்டிய சாப்பாடு மொத்தத்தையும் முட்டைக்குள்ளயே வச்சு மூடிட்டோம். நீ என்னத்தைக் குடுக்கிற? இரை தேடக்கூடப் போகாம சுருண்டு கெடக்கிற!”

“வயிறு கனத்துப் போச்சு அக்கா, இரையைத் துரத்த முடியல. மஞ்சக்கரு எனக்கும் உண்டு. ஆனா அது மட்டும் பத்தாது. எனக்கும் குட்டிங்களுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு தோல்தான் இருக்கு. அது வழியா என் தண்ணி போகுது, என் மூச்சு போகுது. நான் தின்னு சேர்த்து வச்சதும் கொஞ்சங் கொஞ்சமா போகுது. நான் குளிர்ந்தா அதுங்களும் குளிர்ந்துடும். அதுக்குத்தான் வெயில் கேக்கறேன்.”

“கதை நல்லா இருக்கு! கிளம்பு, கிளம்பு!” என்று கரடன் மணலில் வாலை ஓங்கி அடித்தது.

தளிரி திரும்பிப் போயிற்று. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது. அது கேட்டது என்ன, அரண்மனையா? ஓடுகிற வெயிலில் ஒரு முழம் இடம்!

மழை பிடித்துக்கொண்டது. தளிரி ஈரக் கிளையில் உடம்பை இறுக்கிச் சுருட்டிக்கொண்டு கிடந்தது. வயிற்றுக்குள் நெளிந்து விளையாடியவை ஒவ்வொன்றாக அடங்கின.

“ஆடுங்க கண்ணுங்களா! கொஞ்சம் ஆடுங்க!” என்று அது கெஞ்சியது. ஒன்றிரண்டு ஆடின. மற்றவை ஆடவில்லை.

அந்த மழையில் ஓடை பெருகிக் கரையேறியது. வெள்ளம் வடிந்தபோது மணல் இருந்தது, குழிகள் இல்லை. கூனாயி ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தோண்டிப் பார்த்தது. ஈர மணல்தான் வந்தது. பிறகு தோண்டுவதை விட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது.

மறுநாள் வெயில் வந்தது. கரடனும் வந்தது.

“கூனாயி, எழுந்திரு. இப்ப உனக்குக் குழி இல்ல. வழக்கம்னா வழக்கம்தான்.”

“அய்யா, நான் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்!”

“சரி, முட்டை எங்கே? காட்டு.”

கூனாயிக்கு அது எங்கோ கேட்ட கேள்வியாக இருந்தது. மேலே பார்த்தது. கிளையில் தளிரி நிறம் வெளிறிக் கிடந்தது. இதே கேள்வியைக் கேட்டுத்தானே அவளை விரட்டினோம் என்று ஆமைக்கு நெஞ்சு எரிந்தது.

“தளிரி! எறங்கி வாடி! வந்து என் முதுகுல படு!”

“மணல்ல அதுக்கு இடம் கிடையாது!” என்று சீறியது கரடன்.

“மணல்லதானே கிடையாது? என் ஓட்டு மேல யார் படுக்கணும்னு நான்தான் சொல்லணும்! நான் நகர மாட்டேன். முடிஞ்சா என்னைப் புரட்டிப் போடுங்க!”

கரடன் வாலைத் தூக்கியது. பிறகு என்ன நினைத்ததோ, இறக்கிக்கொண்டது.

அன்று முதல் வெயில் வரும் காலைகளில் எல்லாம் ஆமை அசையாமல் நின்றது. பாம்பு அதன் முதுகில் நீண்டு படுத்து வெயில் வாங்கியது. அடங்கிக் கிடந்தவற்றில் சில மறுபடியும் நெளியத் தொடங்கின.

ஒரு காலையில் குட்டிகள் பிறந்தன. மெல்லிய பச்சை நூல்களாக ஓட்டின் மேலிருந்து வழுக்கி இறங்கி, பக்கத்துக் கொடியில் ஏறின. சில மட்டும் விழுந்த இடத்திலேயே கிடந்தன. அவை ஏறவே இல்லை.

கரடன் கிட்டே வந்து பார்த்தது. தளிரியின் தோல் மடிந்து தொங்கியது. உள்ளே முள்ளெலும்பு மட்டும் துருத்திக்கொண்டிருந்தது.

“தளிரி! உன் உடம்பெல்லாம் எங்கே போச்சு?”

தளிரியால் தலையைத் தூக்க முடியவில்லை. கொடியில் ஏறும் குட்டிகளைக் கண்ணால் காட்டியது.

“அதோ போகுது, அய்யா.”

கரடன் நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து, தன் நகங்களால் ஒரு குழி தோண்டியது. ஏறாத குட்டிகளை அதில் வைத்து மெதுவாக மூடியது.

“இது உன் குழி, தளிரி. இனிமே இந்த இடம் உனக்குத்தான்,” என்றது.

தளிரிக்கு அது கேட்டதோ இல்லையோ, தெரியாது. அதன் கண் குட்டிகள் போன திசையிலேயே நிலைத்திருந்தது. கூனாயி மட்டும் வெயில் சாயும்வரை நகராமல் அதைச் சுமந்துகொண்டு நின்றது.

ஒருவர் கொடுப்பது நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக அதை இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. அது தெரியவரும்போது, கொடுப்பதற்கு அவரிடம் மிச்சம் எதுவும் இருக்காது.