குதிகால் வீக்கம் வற்றிய கதை

உடம்புக்குள் இருப்பவர்களெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு நாள் விளக்கு வைத்த பிறகு, ஒரு குழந்தையின் குதிகாலுக்குள் என்னவோ பிறாண்டும் சத்தம் கேட்டது. முள் குத்திய வழியாகக் கிருமி நுழைந்துகொண்டிருந்தது.

அங்கே காவலிருந்த வெள்ளையணுவின் பெயர் பாவாயி. பதறிப்போய் ஒரு புரதத் தூதனை அனுப்பினாள். “கிருமி வந்திருச்சு! தீ மூட்டுங்க!” என்று அவன் வீடுவீடாகக் கூவினான்.

வெள்ளையணுக்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கதவு எந்நேரமும் திறந்தே இருக்க வேண்டும். கூவல் கேட்டவள், ஏன் என்று கேட்காமல் தீ மூட்டி, தன் பங்குக்கு ஒரு தூதனை அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

தீ பிடித்தது. குதிகால் சிவந்து வீங்கியது. கிருமி கரிந்து செத்தது. அப்பாடா என்று சாய்ந்த பாவாயிக்குக் கண் சொருகியபோது, வாசலில் ஒரு தூதன்.

“கிருமி! தீ மூட்டு!”

“இன்னுமா?” என்று எழுந்து மூட்டினாள். இன்னொருவன் வந்தான். மறுபடி மூட்டினாள். கை ஓய்ந்தது; தூதர்கள் ஓயவில்லை.

பக்கத்துச் சதையணு செல்லக்கிளி புகைக்குள்ளிருந்து இருமினாள். “கிருமி எங்கக்கா இருக்கு? எரியறது என் வீட்டுச் சுவரு! நீ காவல் காக்கறியா, கொள்ளி வைக்கறியா?”

“நிறுத்தி, பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா யாருடி பதில் சொல்றது?”

“பிள்ளை அனலாக் கொதிக்குது. அவங்கம்மா அழறது உனக்குக் கேக்கலையா?”

கேட்டது. ஈரத்துணி பிழியும் சத்தமும், நடுவே அடக்கி அடக்கி வரும் ஒரு விசும்பலும்.

அடுத்து வந்த தூதனைப் பாவாயி மறித்தாள். “உன்னை யாருடா அனுப்பினது?”

“அடுத்த வீட்டுக்காரி.”

“அவளுக்கு யார் சொன்னது?”

“அவளுக்கு அடுத்தவ. சுத்திச் சுத்திப் போனா, முதல்ல சொன்னது நீதானே தாயே!”

பாவாயிக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரைச் சுற்றி வந்த தன் குரலுக்கே பயந்து பயந்து இவ்வளவு நேரம் எரித்திருக்கிறாள். தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. எங்காவது ஒரு கிருமி மிச்சமிருந்தால்?

வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு கூவலும் உள்ளே வந்து விழ விழ, மூலையில் வேறொரு புரதம் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்ந்து, தாழ்ப்பாள் கட்டை போலத் திரண்டு கிடந்தது. இதுவரை அதை அவள் சட்டை செய்ததில்லை. இப்போது அதை எடுத்தாள். கடைசியாக ஒரு தூதனைக் கூப்பிட்டு, “போதும்னு சொல்லு. அவங்களையும் சாத்திக்கச் சொல்லு,” என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தி, கட்டையைக் குறுக்கே செருகினாள். வெளியே தூதர்கள் தட்டினார்கள். அவள் திறக்கவில்லை. அடுத்தடுத்த வீடுகளிலும் கதவு சாத்த, தீ அடங்கியது. விடிவதற்குள் பிள்ளைக்கு வியர்த்து, அனல் தணிந்துவிட்டது.

அந்த இரவிலிருந்துதான், முள் குத்திய இடம் வீங்கிச் சிவந்து, பிறகு தானாகவே வற்றுகிறது. சில உடம்புகளில் மட்டும் வற்றாது. அங்கே எந்தப் பாவாயியோ இன்னும் பயந்துகொண்டு தீ மூட்டுகிறாள். மற்ற உடம்புகளிலெல்லாம், கூவல் கேட்டு எழுந்தவளே, அந்தக் கூவலில் விளைந்த கட்டையை எடுத்து, களைத்துப்போய், உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள்.