உட்கார முடியாத ஊர்

கடலுக்கு உப்பு போட்டு முடிக்காத காலத்திலே, முத்துத்துறை என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் அரசர் சேந்தனிடம் ஒரு ஜாடி. ஜாடிக்குள் சமையல்கார பூதம். சீமைக் கப்பலில் வந்த பூதம் என்பதால் அதற்கு ஆங்கிலம் மட்டுமே புரியும். அரசருக்கு ஆங்கிலம் தெரியும். தெரியும் என்று அரசர் சொல்லிக்கொள்வார்.

பிறந்தநாள் விருந்தில் அவர் ஜாடியைப் பார்த்து, "ஆல்!" என்று முழங்கினார். எல்லாருக்குமாம். பூதமும் ஊர் முழுமைக்குமாக முற்றத்தில் ஒரே சோற்றுமலையைக் குவித்தது. ஆனால் யாராவது பரிமாறாமல் அந்த ஊரார் சோற்றைத் தொடமாட்டார்கள். "நீங்க ஆரம்பிங்க." "ஐயோ, நீங்க முதல்ல!" சோறு ஆறியது. பூதம் கொதித்தது.

"என் சமையலை ஒவ்வொருவரும் உண்ணும்வரை ஒருவரும் உட்காரக் கூடாது!" என்று ஆங்கிலத்திலேயே சபித்தது.

அவ்வளவுதான். ஊரே நடக்கத் தொடங்கியது. நடந்தது, நடந்தது, நிற்காமல் நடந்தது. சோற்றை எட்டிப் பிடிக்கப் போனால் கால்கள் வேறு பக்கம் இழுத்தன.

துறைமுகத்தில் மாலுமிகளுக்கு மொழிபெயர்த்த ஆவுடையும் நடந்தாள். அவள் கண்ணெல்லாம் அக்கா பூரணி மேல். நிறைமாதக்காரி, கால்கள் மரவள்ளிக்கிழங்காய் வீங்கியிருந்தன.

"முடியலடி, ஆவுடை. விழுந்துருவேன்."

"கொஞ்சம் பொறு அக்கா."

'ஆல்' என்றதால்தான் ஒரே குவியல் வந்தது, தனித்தனியாகக் கிடைக்க வேறு சொல் வேண்டும் என்று ஆவுடைக்குப் புரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஜாடியைக் கடக்கும்போது ஒரு சொல் சொல்லத்தான் நேரம் கிடைத்தது.

முதல் சுற்று. "எவ்ரி!" என்றாள்.

"அது தனியாக நிற்காது. பின்னால் ஒரு பெயர்ச்சொல் வேண்டும்," என்று பூதம் கொட்டாவி விட்டது.

நடந்தாள், நடந்தாள். இரண்டாம் சுற்று. "ஐதர்!"

"இரண்டில் ஒன்றுக்கு அது. இங்கே ஓர் ஊரே அலைகிறதே!"

நடந்தாள், நடந்தாள். மூன்றாம் சுற்று. "ஈச்!"

பூதம் நிமிர்ந்தது. "அப்படிக் கேள்! கூட்டம் எத்தனை பெரிதானாலும் ஈச் ஒவ்வொருவராகத்தான் பார்க்கும். இந்தா, கரண்டி."

வேண்டியதையெல்லாம் பூதத்தின் கைப்பக்குவத்திலேயே தரும் கரண்டி அது. ஆவுடை ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓடி ஓடி, முகம் பார்த்து, விருப்பம் கேட்டு, கையில் பரிமாறினாள். அக்காவுக்குப் புளியோதரை. அரசருக்கு அதிரசம்.

"வடையா, போண்டாவா மந்திரியாரே?"

"நைதர்," என்றார் மந்திரி மிடுக்காக. இரண்டும் வேண்டாமாம். தயிர்சோறு வாங்கிக்கொண்டார்.

கடைசியில் ஆவுடைக்குப் பூரணி பரிமாறினாள். அப்படியும் கால்கள் நிற்கவில்லை!

"எல்லாரும் சாப்பிட்டாச்சே!" என்று அரசர் அழாத குறையாகக் கத்தினார்.

பூரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். ஆவுடை பதறித் திரும்பியபோது பூதத்தின் முகம் கண்ணில் பட்டது. புகை படிந்த முகம். உலர்ந்த உதடு. சமைத்தவன் சாப்பிட்டானா என்று அந்த ஊர்ப் பந்தியில் யாரும் கேட்பதில்லை.

அடுத்த சுற்றில் அதன் முன்னால் ஓர் இலையைப் போட்டாள்.

"அண்ணே, நீங்க சாப்பிட்டீங்களா?"

தமிழ்தான். ஆனாலும் பூதத்துக்குப் புரிந்துவிட்டது. அதன் கண் கலங்கியது.

"பாயசமா? சுண்டலா?" என்று நடந்தபடியே கரண்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"ஐதர்," என்றது பூதம் வெட்கத்தோடு. எதுவானாலும் சரியாம்.

அதற்கடுத்த சுற்றில் இரண்டையும் பரிமாறினாள்.

பூதம் முதல் வாய் விழுங்கியதும் கால்கள் அனைத்தும் நின்றன. அரசர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். மந்திரி அவர்மேல் உட்கார்ந்தார். பூரணி ஆவுடையின் மடியில் சாய்ந்தாள். பொழுது சாயுமுன் ஒரு பெண்குழந்தை பிறந்தது.

அரசர் ஆவுடையைத் தலைமை மொழிபெயர்ப்பாளராக்கி, தாமும் அவளிடமே ஆங்கிலம் படித்தார். முத்துத்துறையில் அன்றுமுதல் முதல் இலை சமைத்தவருக்கு. அவர் வாயில் வைத்த பிறகுதான் அரசரே கை நனைப்பார்.